வீட்டுப் பத்திரத்தை வைத்து வெளிநாட்டு எம்.பி.ஏ. படிக்கலாமா?

கேள்வி: எனக்கு 28 வயது. ஓர் உற்பத்தி நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் ஐந்து ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். எம்.பி.ஏ. படிக்க வேண்டும் என்பது நீண்ட நாள் ஆசை. ஜிமேட் நுழைவுத் தேர்வு எழுதி விண்ணப்பித்ததில் இரண்டு இடங்களில் சேர்க்கை கிடைத்திருக்கிறது. ஒன்று அமெரிக்காவில், நடுத்தர வரிசையில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டுப் படிப்பு. கட்டணமும் அங்கே தங்கும் செலவும் சேர்ந்தால் என் இப்போதைய ஆண்டுச் சம்பளத்தைப் போல் 9 மடங்கு வருகிறது. இன்னொன்று உள்நாட்டிலேயே, நல்ல பெயருள்ள ஓர் அரசுக் கல்வி நிறுவனத்தில். அதற்கு மொத்தம் இரண்டரை மடங்குதான். கையில் ஓர் ஆண்டுச் சம்பளம் அளவுக்குச் சேமிப்பு இருக்கிறது, மீதிக்குக் கடன் வாங்க வேண்டும். அப்பா வீட்டுப் பத்திரத்தைத் தரத் தயார் என்கிறார். அம்மா எதுவும் சொல்லவில்லை. சேர்க்கை வாங்கித் தந்த முகவர், அங்கே வேலை கிடைத்தால் நான்கே ஆண்டில் கடன் அடைந்துவிடும் என்கிறார். வெளிநாட்டில் இருக்கும் பெரியப்பா மகனும் 'யோசிக்காமல் வா' என்கிறான். உள்நாட்டில் படித்தால் பத்தோடு பதினொன்றாகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. மூன்று வாரத்துக்குள் முன்பணம் கட்ட வேண்டும். என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று வாரம்தான் இருக்கிறது என்பதால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கணக்கு இன்று இருக்கிற நிலையில், உள்நாட்டுப் படிப்பில் சேருங்கள். என் கருத்தை மாற்றக்கூடிய விஷயங்களும் உண்டு. அவற்றைப் பின்னால் சொல்கிறேன், இந்த மூன்று வாரத்துக்குள்ளேயே நீங்கள் சோதித்துப் பார்த்துவிடலாம்.

கல்விக் கடன் வாங்குகிறவர்களோடும் அடைக்கிறவர்களோடும் உட்கார்ந்து கணக்குப் போடுவது என் தொழில். கடன் வாங்க வருகிறவர்கள் 'எந்தப் பட்டத்துக்கு மதிப்பு அதிகம்?' என்று கேட்பார்கள். அடைக்கத் திணறி வருகிறவர்கள் யாரும் அதைக் கேட்பதில்லை. அவர்களுடைய பட்டத்தில் பெரும்பாலும் குறை இருக்காது. அந்த நாட்டுச் சம்பளத்தை நம்பி வாங்கிய கடனைச் சொந்த நாட்டுச் சம்பளத்தில் அடைக்க வேண்டி வந்ததுதான் அவர்களைச் சாய்த்திருக்கும். அதனால் எந்த நாணயத்தில் சம்பாதித்து இந்தக் கடனை அடைக்கப் போகிறீர்கள், அந்தச் சம்பாத்தியம் கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். உங்கள் இப்போதைய ஆண்டுச் சம்பளத்தை 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் படிப்புக்குச் செலவு 9, சேமிப்பு போகக் கடன் 8. பாதிப் பணம் முதலாண்டிலும் பாதி இரண்டாம் ஆண்டிலும் வாங்குகிறீர்கள், வட்டி ஆண்டுக்கு 11 சதவீதம், படிக்கும் இரண்டு ஆண்டும் அதற்கப்புறம் ஆறு மாதமும் தவணை கிடையாது என்று கொள்வோம். அந்தக் காலத்துக்குச் சாதாரண வட்டி போட்டாலே, தவணை தொடங்கும் நாளில் 8 என்பது 9.76 ஆகியிருக்கும். பத்து ஆண்டில் அடைப்பதானால் ஆண்டுக்கு 1.61 கட்ட வேண்டும். அதாவது இன்றைக்கு நீங்கள் வாங்கும் முழுச் சம்பளத்தைப் போல் ஒன்றரை மடங்குக்கும் மேல், பத்து ஆண்டுக்கு. வாங்கியது 8, கட்டி முடிக்கும்போது கொடுத்திருப்பது 16.

அமெரிக்காவில் வேலை கிடைத்து, இன்றைய சம்பளத்தைப் போல் 8 மடங்கு வந்தால் இது தாங்கக்கூடிய சுமைதான். வரியும் வாடகையும் போக மிச்சம் பிடித்துச் சீக்கிரமே அடைக்கலாம். முகவர் சொல்லும் நான்கு ஆண்டு இந்த ஒரு காட்சியை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. வேலை கிடைக்காமலோ, கிடைத்தும் விசா கிடைக்காமலோ ஊர் திரும்பி, இங்கே 2.2 மடங்குச் சம்பளத்தில் ஒரு நல்ல வேலையில் சேர்ந்தீர்கள் என்றால்? சம்பளத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு தவணைக்கே போகும். மிச்சம் இருப்பதில் வாடகை, வீட்டுக்குக் கொடுப்பது, உங்கள் செலவு எல்லாம் அடங்க வேண்டும். இதுவே உள்நாட்டுப் படிப்பென்றால் கடன் 1.5. அதே வட்டி, அதே காலத்தில் ஆண்டுத் தவணை 0.3. படித்து முடித்து 1.8 மடங்குச் சம்பளம் கிடைத்தாலும் ஆறில் ஒரு பங்குதான் தவணைக்குப் போகும். வேலை கிடைக்கச் சில மாதம் தாமதமானாலும் சமாளித்துவிடலாம்.

ஊர் திரும்பியவர்களைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் திறமை குறைந்தவர்கள் என்பதுபோல ஒரு தொனி வந்துவிடுகிறது. அது எனக்குப் பிடிப்பதில்லை. திரும்ப வேண்டி வருவதற்கும் திறமைக்கும் பல நேரம் சம்பந்தமே இருக்காது. நீங்கள் போக நினைக்கும் நாட்டின் விதியையே பாருங்கள். மாணவர் விசாவில் படித்து முடித்தவர் ஓபிடி என்ற அனுமதியில் 12 மாதம் வேலை பார்க்கலாம். அந்த 12 மாதத்தில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. படிப்பு ஸ்டெம் எனப்படும் அறிவியல் தொழில்நுட்பப் பட்டியலில் இருந்தால் இன்னும் 24 மாதம் கிடைக்கும். அதற்கும் வேலை கொடுக்கும் நிறுவனம் இ-வெரிஃபை என்ற அரசுப் பதிவுமுறையில் சேர்ந்திருக்க வேண்டும். இந்தக் காலம் முடிவதற்குள் நிறுவனம் உங்களுக்காக எச்-1பி என்ற வேலை விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆண்டுக்கு 65,000 இடம், அந்நாட்டில் முதுகலை முடித்தவர்களுக்குத் தனியாக 20,000. பதிவு செய்கிறவர்கள் அதைவிட அதிகமாக இருந்தால், யார் விண்ணப்பிக்கலாம் என்பதற்கே ஒரு தேர்ந்தெடுப்பு நடக்கும். அதில் பெயர் வராவிட்டால், மேலாளர் எவ்வளவு விரும்பினாலும் அந்த ஆண்டு அவ்வளவுதான்.

இந்த விதிகள் நீங்கள் சேரும் நாளில் இருப்பதுபோலவே முடிக்கும் நாளிலும் இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அதிபர் ஆணை வந்தது. நாட்டுக்குள் இருந்தபடியே மாணவர் விசாவிலிருந்து மாறுகிறவர்களுக்கு அது பொருந்தாது என்ற விளக்கம் அடுத்த மாதம்தான் வந்தது. இடையில் இருந்த அந்த வாரங்களில், லட்சக்கணக்கில் கடன் வாங்கிப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் நிலையை யோசித்துப் பாருங்கள். இது ஒரு நாட்டுக் கதை மட்டும் கிடையாது. பிரிட்டன் படிப்புக்குப் பிந்தைய வேலை விசாவை 2012இல் நிறுத்தியது, 2021இல் இரண்டு ஆண்டுக்குத் திரும்பத் திறந்தது, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு அதை 18 மாதமாகக் குறைக்கிறது. ஆஸ்திரேலியா 2024 ஜூலையில் இத்தகைய விசாவுக்கான வயது வரம்பைப் பெரும்பாலோருக்கு 35 ஆக்கியது. அந்தந்த நாட்டுக்கு அந்தந்த நியாயம் இருக்கும். ஆனால் பத்து ஆண்டுக் கடனை வாங்குகிறவர், இரண்டு ஆண்டில் மாறக்கூடிய விதியின் மேல் மொத்த பாரத்தையும் ஏற்றக் கூடாது.

நாணய மாற்று விகிதத்தையும் மறந்துவிடாதீர்கள். கட்டணம் டாலரில், கடன் உள்நாட்டுப் பணத்தில். இரண்டாம் ஆண்டுக் கட்டணம் கட்டுவதற்குள் உள்நாட்டுப் பணத்தின் மதிப்பு 5 சதவீதம் விழுந்தால், உங்களுக்குக் கிட்டத்தட்ட மூன்று மாதச் சம்பளம் அளவுக்குக் கூடுதலாகத் தேவைப்படும். அந்த நேரத்தில் கடன் வரம்பை உயர்த்திக் கேட்பது லேசான வேலை இல்லை. அங்கேயே வேலை கிடைத்துவிட்டால் இதே சரிவு உங்களுக்குச் சாதகமாகும் என்பதும் உண்மை. டாலரில் சம்பாதித்து உள்நாட்டுக் கடனை அடைப்பவருக்குச் சுமை குறைந்துகொண்டே வரும். ஆக, எல்லாம் நன்றாக நடந்தால் நாணயமும் கூட நிற்கும், ஊர் திரும்ப வேண்டி வந்தால் அதுவும் கை கொடுக்காது. இரண்டு திசையிலும் வித்தியாசத்தைப் பெரிதாக்கிவிடுகிறது.

சரி, அந்தப் பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்பு அறிக்கை நன்றாகத்தானே இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். முகவர் அதைத்தான் உங்களிடம் காட்டியிருப்பார். அந்த அறிக்கையை என்னோடு சேர்ந்து ஒருமுறை வாசியுங்கள். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில், 'மூன்று மாதத்துக்குள் 88 சதவீதம் பேருக்கு வேலை' என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கீழே பொடி எழுத்தில் 'வேலை தேடியவர்களில்' என்று ஒரு குறிப்பு இருக்கும். வகுப்பில் 120 பேர் இருந்திருப்பார்கள். அதில் நிறுவனமே அனுப்பிப் படித்தவர்கள், சொந்தத் தொழில் தொடங்குகிறவர்கள், மேற்படிப்புக்குப் போகிறவர்கள், தகவல் தராதவர்கள் எல்லோரையும் கழித்தால் 84 பேர் மிஞ்சலாம். 88 சதவீதம் என்பது இந்த 84 பேரில். அதாவது 74 பேர். இதில் ஏமாற்று எதுவும் கிடையாது. இத்தகைய அறிக்கைகளுக்கு ஒரு பொதுத் தரநிலை இருக்கிறது, நல்ல கல்லூரிகள் அதன்படிதான் எழுதுகின்றன. ஆனால் நீங்கள் தேட வேண்டிய எண் இது இல்லை. அந்த 74 பேரில் வேலை விசா தேவைப்பட்ட வெளிநாட்டு மாணவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் அந்த நாட்டிலேயே வேலையில் சேர்ந்தார்கள் என்பதுதான் உங்களுக்கு வேண்டும்.

சில கல்லூரிகள் நிரந்தர வேலை அனுமதி உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று தனித்தனி அட்டவணையே போடுகின்றன. உங்கள் பல்கலைக்கழகம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். கடந்த இரண்டு வகுப்புகளில் விசா ஆதரவு தேவைப்பட்டவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு உள்ளூரில் வேலை கிடைத்தது, விசாவுக்கு ஆதரவு தந்த நிறுவனங்களின் பெயர்கள் என்ன, உங்கள் படிப்பு ஸ்டெம் வகைப்பாட்டில் வருகிறதா, அதன் சிஐபி குறியீடு (படிப்பை வகைப்படுத்தும் எண்) என்ன என்று தெளிவாகக் கேளுங்கள். மழுப்பாமல் எண்களாகப் பதில் வந்தால் நல்லது. 'எங்கள் மாணவர்கள் உலகெங்கும் சிறந்து விளங்குகிறார்கள்' என்கிற மாதிரி பதில் வந்தால், அந்தத் தகவலே இல்லை என்று எடுத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

தரவரிசைப் பட்டியலையும் இதே கவனத்தோடு பார்க்க வேண்டும். பலரும் புரட்டும் ஃபைனான்சியல் டைம்ஸ் நாளிதழின் பட்டியலில் வரும் சம்பளம், படித்து முடித்து மூன்று ஆண்டு ஆனவர்களுடையது. அதையும் அந்தந்த நாட்டு விலைவாசிக்கு ஏற்பச் சரிசெய்துதான் டாலரில் போடுகிறார்கள். விலைவாசி குறைவான நாட்டில் வேலை பார்ப்பவரின் சம்பளம், வங்கியில் மாற்றினால் கிடைக்கும் டாலரைவிட அந்தப் பட்டியலில் மிகக் கூடுதலாகத் தெரியும். வாழ்க்கைத் தரத்தை ஒப்பிட அந்த முறை சரியானது. ஆனால் உங்கள் தவணையைக் கட்ட அந்த டாலர் வராது. இது நீங்கள் சேரப்போகும் உள்நாட்டு நிறுவனத்துக்கும் பொருந்தும், அதன் எண்ணையும் பார்த்து மயங்க வேண்டாம். ஏஏசிஎஸ்பி, ஈக்விஸ், ஆம்பா என்ற அங்கீகாரங்கள் பாடத்திட்டமும் ஆசிரியர்களும் ஒரு தரத்தில் இருப்பதற்குச் சாட்சி. இருந்தால் நல்லது. வேலைக்கு அவை உத்தரவாதம் ஆகாது.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது 'பத்தோடு பதினொன்று' என்ற வரிதான். அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று புரிகிறது. கூடப் படித்தவர்கள் விமான நிலையத்திலிருந்து படம் போடும்போது மனசு அடித்துக்கொள்ளத்தான் செய்யும். ஆனால் படிப்பின் உள்ளடக்கத்தைப் பொறுத்தவரை தூரம் நீங்கள் நினைக்கும் அளவு இல்லை. கணக்குப்பதிவு, நிதி, செயல்பாட்டு மேலாண்மை, புள்ளியியல் எல்லாம் ஏறக்குறைய அதே பாடங்கள், பல இடங்களில் அதே பாடப்புத்தகங்கள். ஹார்வர்டு எழுதும் வணிக நிகழ்வாய்வுகளை உலகம் முழுக்க உள்ள கல்லூரிகள் விலைக்கு வாங்கி நடத்துகின்றன. மாறுவது இரண்டு விஷயம். பக்கத்து இருக்கையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், வளாகத்துக்கு ஆள் எடுக்க யார் வருகிறார்கள். இந்த இரண்டிலும் வெளிநாட்டு வகுப்புக்கு உண்மையான மதிப்பு உண்டு, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பதினைந்து நாட்டுக்காரர்களோடு ஒரே குழுவில் திட்டம் போட்டு, சண்டை பிடித்து, சமாதானமாகிப் பழகியவருக்கு ஒரு தெளிவு வருகிறது. இன்னொரு நாட்டின் நிறுவனங்கள் எப்படி முடிவெடுக்கின்றன என்பதை உள்ளிருந்து பார்ப்பதும் சின்ன விஷயம் இல்லை.

ஆனால் உங்கள் 40ஆவது வயதில் எந்த ஊரில் இருக்க விரும்புகிறீர்கள்? இதற்குக் கடிதத்தில் பதில் இல்லை. கூடப் படிக்கிறவர்கள் வேலைக்குப் போகும் இடத்தில்தான் உங்கள் தொடர்புகள் பலன் தரும். உள்நாட்டில் வாழப்போகிறவருக்கு, இங்கேயே பெரிய நிறுவனங்களில் கொள்முதல் தலைவராகவும் நிதித் தலைவராகவும் ஆகப்போகிற வகுப்புத் தோழர்கள் பெரிய சொத்து. அமெரிக்காவில் நடுத்தர வரிசையில் உள்ள பல்கலைக்கழகத்தின் பெயர், அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் மாநிலத்தில் நல்ல மதிப்போடு இருக்கலாம். அதே பெயர் இங்கே நேர்காணல் எடுப்பவருக்கு அறிமுகமே இல்லாமல் போகலாம். ஹார்வர்டு, வார்ட்டன், இன்சியட் என்றால் எங்கே போனாலும் தெரியும். மற்ற பெயர்களைப் பற்றி, நீங்கள் வேலை பார்க்க விரும்பும் இரண்டு மூன்று நிறுவனங்களின் மனிதவளப் பிரிவில் உள்ள தெரிந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு தொலைபேசி அழைப்பில் முடியும் வேலை.

எது நடந்தால் என் ஆலோசனை மாறும் என்று சொல்கிறேன். கல்விக் கட்டணத்தில் பாதிக்கு மேல் உதவித்தொகை கிடைத்து, ஊர் திரும்பினாலும் தவணை உங்கள் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது என்ற நிலை வந்தால், போய் வாருங்கள் என்பேன். சேர்க்கைக் கடிதம் வந்த பிறகும் உதவித்தொகை கேட்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஜிமேட் மதிப்பெண், வேலையில் நீங்கள் மிச்சப்படுத்திக் காட்டிய தொகை, வேறு இடத்தில் கிடைத்த சேர்க்கை இவற்றைச் சுருக்கமாகச் சொல்லி, கட்டணச் சலுகையை மறுபரிசீலனை செய்யுங்கள் என்று பணிவாக ஒரு கடிதம் எழுதலாம். மறுத்தாலும் சேர்க்கை போய்விடாது. அந்த நாட்டில்தான் வாழ வேண்டும் என்ற உறுதியான குடும்பக் காரணமோ, வேலை அனுமதி பெற வேறு வழியோ உங்களுக்கு இருந்தாலும் கணக்கு வேறு. வீட்டை அடகு வைக்காமல், நஷ்டமானாலும் தாங்கும் அளவுக்குச் சேமிப்பு இருப்பவருக்கும் நான் வேறு மாதிரிதான் பதில் எழுதியிருப்பேன்.

நீங்கள் அனுப்பிய தகவலில் இவை எதுவும் இல்லை. இருப்பது அப்பாவின் வீட்டுப் பத்திரம்.

அதைப் பற்றிக் கொஞ்சம் வெளிப்படையாகப் பேச வேண்டும். அடமானம் வைத்த கடனில் தவணை தொடர்ந்து தவறினால் வங்கியின் கை வீட்டின் மேல்தான் விழும். இணைக் கடன்தாரராக அப்பா கையெழுத்துப் போட்டால், சட்டப்படி அது அவருடைய கடனும்கூட. நீங்கள் வேலை தேடிக்கொண்டிருக்கும் அந்த மாதங்களில் வங்கி அவரைத்தான் அழைக்கும். ஓய்வு பெறும் வயதை நெருங்குகிறவருக்கு வீடு என்பது அநேகமாக மிச்சமிருக்கும் ஒரே பாதுகாப்பு. அவர் தருவது அன்பால். பிள்ளை கேட்டு இல்லை என்று சொல்லப் பல அப்பாக்களுக்கு வாய் வராது. அவரே வேண்டாம் என்று சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள். மேலே போட்ட கணக்கை ஒரே தாளில் எழுதி, இரண்டு பேரையும் உட்கார வைத்துக் காட்டுங்கள். அம்மா எதுவும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அவரிடம் தனியாகவும் கேளுங்கள். அவருக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

முகவரைப் பற்றி ஒரு வார்த்தை. மாணவரைச் சேர்த்துவிட்டதற்குக் கல்வி நிறுவனத்திடமிருந்து கமிஷன் பெறும் முகவர்கள் பலர். உங்களுடையவர் பெறுகிறாரா என்று நேராகக் கேட்கலாம், கேட்பதில் தப்பே இல்லை. பெறுகிறார் என்றால் அவர் சொல்வதெல்லாம் பொய் என்று அர்த்தமாகாது. ஆனால் நீங்கள் உள்நாட்டில் சேர்ந்தால் அவருக்கு ஒன்றும் வராது என்பதை மனதில் வைத்துக்கொண்டு அவர் பேச்சைக் கேளுங்கள். உங்கள் பெரியப்பா மகன் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறான். அவன் எந்த ஆண்டு போனான், என்ன படித்தான், அன்றைக்கு விசா விதி என்னவாக இருந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

வெளிநாட்டு அனுபவம் என்ற ஆசையை மூட்டை கட்டி வைக்கச் சொல்லவில்லை. பெரிய கடன் இல்லாமல் அதை அடைய வழிகள் இருக்கின்றன. நல்ல உள்நாட்டு நிறுவனங்கள் பலவற்றில் ஒரு பருவம் வெளிநாட்டுக் கல்லூரியில் படிக்கும் பரிமாற்றத் திட்டம் உண்டு. பொதுவாக அங்கே கட்டணம் கட்ட வேண்டியதில்லை, தங்கும் செலவு மட்டும்தான். கொள்முதல், விநியோகத் துறையில் ஏஎஸ்சிஎம் அமைப்பு தரும் சிஎஸ்சிபி, சிபிஐஎம் சான்றிதழ்களைப் பல நாட்டு நிறுவனங்கள் மதிக்கின்றன. வேலை பார்த்துக்கொண்டே எழுதலாம். எம்.பி.ஏ. முடித்துப் பன்னாட்டு நிறுவனம் ஒன்றில் சேர்ந்தால், நிறுவனமே உங்களை வெளிநாட்டுக் கிளைக்கு மாற்றும் வழியும் இருக்கிறது. அமெரிக்காவின் எல்-1 விசா அப்படிப்பட்டது. கடந்த மூன்று ஆண்டில் தொடர்ந்து ஓர் ஆண்டாவது அமெரிக்காவுக்கு வெளியே உள்ள அந்த நிறுவனத்தின் கிளையில் வேலை பார்த்திருக்க வேண்டும், மேலாளராகவோ சிறப்பு அறிவு உள்ளவராகவோ இருக்க வேண்டும். அதற்கு எச்-1பி போல ஆண்டு உச்சவரம்பு கிடையாது. சம்பளம் வாங்கிக்கொண்டே போகலாம் என்பது அதன் பெரிய அனுகூலம்.

இன்னும் இரண்டு ஆண்டு வேலை பார்த்துப் பணம் சேர்த்து, ஓர் ஆண்டுப் படிப்புகளுக்கு விண்ணப்பிப்பதையும் யோசிக்கலாம். இன்சியட்டின் எம்.பி.ஏ. 10 மாதம்தான், பிரான்ஸ், சிங்கப்பூர் இரண்டு இடத்திலும் வளாகம் இருக்கிறது. கட்டணம் குறைவில்லை, ஆனால் சம்பளம் இழக்கும் காலம் பாதியாகிறது, பெயரும் எங்கும் தெரிந்த பெயர். ஜிமேட் மதிப்பெண் ஐந்து ஆண்டு செல்லும் என்பதால் உங்கள் உழைப்பு வீணாகாது. ஆனால் கையில் நல்ல உள்நாட்டுச் சேர்க்கை இருக்கும்போது அதை விட்டுவிட்டுக் காத்திருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அடுத்த முறை இதே இடம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

இந்த மூன்று வாரத்துக்கு உங்கள் வேலை இதுதான். இன்றே அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு இரண்டு கடிதம்: ஒன்று வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு, மேலே சொன்ன கேள்விகளோடு; இன்னொன்று சேர்க்கை அலுவலகத்துக்கு, உதவித்தொகையை மறுபரிசீலிக்கவும் முன்பணம் கட்டும் தேதியைத் தள்ளிவைக்கவும் கேட்டு. சேர்க்கையை ஓர் ஆண்டு ஒத்திவைக்க முடியுமா என்றும் அதிலேயே கேட்கலாம். சில இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். பதில் வருவதற்குள், அந்தப் படிப்பை முடித்து இரண்டு மூன்று ஆண்டு ஆன உங்கள் நாட்டு மாணவர்கள் நான்கைந்து பேரை லிங்க்ட்இன்னில் தேடிப் பேசுங்கள். ஊர் திரும்பியவர் ஒருவராவது அதில் இருக்க வேண்டும். கல்லூரி தானாக அறிமுகப்படுத்தும் முன்னாள் மாணவர் பெரும்பாலும் நன்றாக இருப்பவராகத்தான் இருப்பார், அவரோடு மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

உள்நாட்டு நிறுவனத்தின் இடத்தை இதற்கிடையில் விட்டுவிடாதீர்கள். அதன் சேர்க்கைக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி முன்னதாக வந்தால் கட்டிவிடுங்கள். விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை முதலில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அமெரிக்காவுக்கான முன்பணம் பெரும்பாலும் திரும்ப வராது. அதனால் பாதிக் கட்டணச் சலுகையும், விசா தேவைப்பட்டவர்களின் வேலை விவரமும் எழுத்தில் வந்து சேரும்வரை அதைக் கட்ட வேண்டாம். இரண்டு பதிலும் வந்ததும் எனக்கு எழுதுங்கள். புதிய எண்களை வைத்து இன்னொரு முறை கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.